பாதி அப்பம்

மாதா கோயிலுக்குப் பின்னால் இருந்த ஞானபாட வகுப்பறை வாசலில் பேத்தி சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தாள். கூட்டிப்போக வந்த வெல்டர் கிழவருக்கு உச்சந்தலை வரை சூடேறியது.

"யாரு நிக்க வச்சது?"

"டீச்சர். சத்தம் போடாதீங்க தாத்தா."

சத்தம் போடாமல் அவருக்குப் பேச வராது. விறுவிறுவென்று உள்ளே போனார். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் முதன்முதலாக நற்கருணை அப்பம், அதாவது புதுநன்மை, வாங்கப்போகிற பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். டீச்சர் கையில் பிளாஸ்டிக் டப்பா. அதில் ஒத்திகைக்கு, பூசையில் வைக்காத வெறும் அப்பம். வாயை எவ்வளவு திறக்க வேண்டும், நாக்கை எப்படி நீட்ட வேண்டும் என்பதற்கெல்லாம் ஒரு பயிற்சி.

"உங்க பேத்தி அப்பத்த ரெண்டா உடைச்சு பாதிய அவளுக்குக் குடுத்துட்டா ஐயா" என்று டீச்சர் கடைசிப் பெஞ்சைக் காட்டினாள்.

அங்கே ஒரு ஒல்லிப்பெண் தனியாக உட்கார்ந்திருந்தாள். ஞானஸ்நானம் முதலான ஏழு அருட்சாதனங்களில் ஆறைச் சொல்லிவிட்டு ஏழாவதில் முழித்தவள். பாடம் வராதவர்களுக்கு அப்பம் கிடையாது என்பது டீச்சரின் சட்டம்.

"போன வாரம் நீங்கதானே சொல்லிக்குடுத்தீங்க? எடுத்தாரு, உடைச்சாரு, குடுத்தாருன்னு. வெளிய நின்னு கேட்டுட்டுதான் இருந்தேன்" என்றார் கிழவர்.

"அது ஆண்டவர் செஞ்சது. பிள்ளைங்க செய்யக்கூடாது."

"அப்ப என்னத்துக்குச் சொல்லிக்குடுக்கறீங்க? வேடிக்கை பாக்கவா?"

பிள்ளைகள் களுக்கென்று சிரித்தார்கள். டீச்சரின் முகம் சுண்டிப்போயிற்று.

"எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேக்கட்டும். இல்லன்னா இவளுக்குப் புதுநன்மை அடுத்த வருஷந்தான்."

"கேக்கமாட்டா. வாடி போலாம்."

வாசலுக்குத் திரும்பிப் பேத்தியின் கையைப் பிடித்து இழுத்தார். அவள் உதறினாள். வீட்டில் ஞாயிற்றுக்கிழமைக்கு வெள்ளை கவுன் தேய்த்துத் தொங்குகிறது. இரண்டு நாளாக அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"நீங்க நன்மை வாங்கறதே இல்ல. உங்களுக்கு என்ன தாத்தா? எனக்கு வேணும்."

கிழவர் பூசையில் நன்மை வாங்கும் வரிசையில் நின்று வருஷக்கணக்காகிறது. கோயில் சாமியார்மார் மேல் நம்பிக்கை விட்டுப்போனவர்.

பேத்தி உள்ளே போய்க் கைகட்டி நின்றாள். "தெரியாம செஞ்சுட்டேன் டீச்சர்."

தெரியாமலா? கிழவர் பல்லைக் கடித்தார். தெரிந்துதான் செய்தாள். இந்த அறையிலேயே தெரிந்தவள் அவள் ஒருத்திதான். அவளையும் பொய் சொல்ல வைத்தாயிற்று. அதற்குப் பெயர் ஞானபாடம்.

"நல்ல பிள்ளை" என்று டீச்சர் டப்பாவைத் திறந்து இன்னொரு அப்பத்தை எடுத்தாள்.

பேத்தி நாக்கை நீட்டி வாங்கினாள். சொல்லிக்கொடுத்தபடியே வாயை மூடினாள், கடிக்கவில்லை. கைகூப்பி, தலைகுனிந்து திரும்பி நடந்தாள். கடைசிப் பெஞ்சைத் தாண்டும்போது ஒல்லிப்பெண் மெல்ல நிமிர்ந்து பார்த்து, பெஞ்சுக்குக் கீழே உள்ளங்கையை நீட்டினாள்.

பேத்தி நேராகப் பார்த்தபடி போனாள். கன்னம் அசையவில்லை. அந்தக் கை அங்கேயே நீண்டிருந்தது.