ஜீப்புக் கதவில் எழுதியிருந்த நம்பர்

போடிமெட்டிலிருந்து இறங்கும்போது ஒரு வளைவு உண்டு. மேலே கேரளத்து ஏலக்காய் எஸ்டேட்டில் காலையிலிருந்து செத்துக் கிடக்கும் போனுக்கு அந்த வளைவில்தான் உயிர் வரும். சனிக்கிழமை சாயங்காலம் ஒச்சப்பன் அண்ணன் ஜீப்பை அங்கே ஓரங்கட்டுவார். கண்ணாடியை மூக்கில் மாட்டி, தன் போனில் வந்த பேங்கு மெசேஜைப் பார்ப்பார். பின்னால் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் நாங்கள் பதினான்கு பெண்களும் பேச்சை நிறுத்திவிடுவோம்.

“சோலையம்மா, ஒனக்குக் கூலி ஏறிருச்சு. மிச்சம் எவ்வளவுன்னும் சொல்றேன், கேட்டுக்க.”

மிச்சம் என்றால் கணக்கில் இருக்கும் மொத்தம். அதையும் சேர்த்து எல்லார் காதிலும் விழும்படி வாசிப்பார். மெல்ல வாசிக்க அவருக்குத் தெரியாது. யார் கமுக்கமாகச் சேர்த்து வைக்கிறாள், யார் கணக்கு துடைத்துப் போட்ட மாதிரி கிடக்கிறது என்று அந்த ஜீப்புக்கே தெரியும். எனக்கு அது அறவே பிடிக்காது. என் பெயர் வரும்போது வெளியே மலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

இது வந்த கதை இப்படி. எஸ்டேட்டில் முன்பு கூலியைக் கையில் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருநாள் சூப்பர்வைசர் வந்து, “இனி எல்லாம் பேங்கு வழியாக்கும் சேச்சி, அக்கவுண்ட் வேணும்” என்றார். ஒச்சப்பன் அண்ணன்தான் எங்களை ஒரே லோடாகக் கொண்டுபோய் போடியில் பேங்கு வாசலில் இறக்கினார். படிவத்துக்கு ஒரு போன் நம்பர் கேட்டார்கள். அப்போது எங்களில் ஒருத்தியிடமும் போன் இல்லை. எங்கள் எல்லாருக்கும் மனப்பாடமாகத் தெரிந்த நம்பர் ஒன்றே ஒன்றுதான். அது ஜீப்புக் கதவில் மஞ்சள் பெயிண்டில் எழுதியிருந்தது. விடிகாலையில் வண்டி வரத் தாமதமானால் டீக்கடை போனிலிருந்து கூப்பிடுகிற நம்பர். பதினான்கு பேரும் அதையே சொன்னோம். எழுதிக்கொண்டவரும் ஏன் என்று கேட்கவில்லை.

பிறகு எங்களில் பலருக்கும் போன் வந்தது. நம்பரை மாற்றுவதென்றால் ஒருநாள் கூலியை விட்டுவிட்டு பேங்குக்குப் போக வேண்டும். அண்ணன்தான் வாசிக்கிறாரே, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டோம்.

இனி என் தோட்டத்துக்கு வருகிறேன். என் தோட்டம் என்று சொல்லிக்கொள்கிறேனே தவிர, குரங்கணிக்கு மேலே இருக்கும் அந்தச் சரிவு வெள்ளைத்துரை முதலாளியுடையது. அவர் போடியில் ஏலக்காய் வியாபாரி. என் வீட்டுக்காரர் முத்துப்பாண்டி நாள்தோறும் அங்கே பாடுபடுவார். ஞாயிற்றுக்கிழமை நானும் போவேன். குத்தகையைப் பணமாகக் கொடுக்க வேண்டாம், காயை மட்டும் அவரிடமே போட வேண்டும் என்பது பேச்சு. காய்ந்த காயை அள்ளி உள்ளங்கையில் குலுக்குவார். என் முகத்தைப் பார்ப்பார். உதட்டைப் பிதுக்குவார். அதுதான் விலை.

கெட்ட மனிதர் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். முத்துப்பாண்டிக்கு ஆபரேஷன் என்றபோது கேட்காமலே பணம் கொடுத்தனுப்பினார். ஆனால் அந்தப் பணத்தோடு அடுத்த வருஷத்துக் காயும் அவருடையதாகிவிட்டது. அதற்கடுத்த வருஷமும் அப்படியே போனது.

இந்த வருஷம் பழைய பாக்கி தீர்ந்ததும் துணிந்து கேட்டேன். “குத்தகையப் பணமாக் குடுத்துர்றேன் முதலாளி. காய நானே ஏலத்துல போட்டுக்கறேன்.”

அவர் கோபப்படவில்லை, சிரித்தார். “தாராளமாப் போடு ஆத்தா. மாசக் கடைசிக்குள்ள குத்தகை முழுசா வந்துரணும். வரலேன்னா பழையபடிதான். அப்பக் கோவிச்சுக்கக் கூடாது.”

ஏல மையத்தில் வியாபாரிகள் ஆளுக்கொரு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். என் சரக்கின் நம்பர் பெரிய திரையில் வந்தது. யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. விலை மட்டும் ஏறிக்கொண்டே போனது. முதலாளி கொடுத்து வந்த விலையைத் தாண்டியும் அது நிற்கவில்லை. நான் அங்கிருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பணம் சில நாளில் கணக்குக்கு வந்துவிடும் என்றார்கள். குத்தகை போக நன்றாகவே மிஞ்சும். மாசக் கடைசிக்கு இன்னும் நாள் இருந்தது.

அந்தச் சனிக்கிழமை வளைவில் ஜீப்பு நின்றது. அண்ணன் போனை எடுத்தார். தட்டினார். வானத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். ஒரு மெசேஜும் வரவில்லை. யாருக்கும் வரவில்லை.

திங்கட்கிழமை கூலியை விட்டுவிட்டு பேங்குக்குப் போனேன். சுஜிதா என்று ஒரு மேடம் இருந்தார், சின்ன வயசு. கம்ப்யூட்டரைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

“அக்கா, உங்க கணக்க முடக்கி வச்சிருக்கு. இதே நம்பர்ல இன்னும் பதிமூணு கணக்கு இருக்கு. ஏமாத்துறவங்க இப்படித்தான் ஏழைங்க பேர்ல கணக்கத் தொறந்துட்டு, ஒரே போன வச்சுத் திருட்டுப் பணத்தச் சுத்த விடறாங்க. அதப் பிடிக்கப் புதுசா ஒரு ஏற்பாடு வந்திருக்கு. அதுல உங்க எல்லார் கணக்கும் மாட்டியிருக்கு.”

“எங்க பணம் மேடம்?”

“உள்ள இருந்தா எங்கயும் போகாது. ஆனா இப்ப என்னால எடுத்துத் தர முடியாது. இந்த நம்பர் யாரோடது?”

“எங்க ஜீப்பு டிரைவரோடது.”

“உங்க ஏடிஎம் கார்டு அவர்கிட்டயா இருக்கு?”

“இல்ல மேடம், எங்கிட்டத்தான்.”

“அப்ப அவரையும் மத்தவங்களையும் நேர்ல கூட்டிட்டு வாங்க. விசாரிச்சு எழுதினா மேலிடத்துல திறந்துடுவாங்க. போலீஸ் வரைக்கும் போக வேண்டாம்னு பாக்கறேன்.”

அன்று சாயங்காலம் அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் காதில் விழுந்தது போலீஸ் என்ற ஒரு வார்த்தைதான். மறுநாள் விடிகாலையில் ஜீப்பு வரவில்லை. கூப்பிட்டால் போன் அணைந்து கிடந்தது.

டீக்கடை வாசலில் தூக்குச்சட்டியோடு நின்றோம். ஒருத்தி, “அந்தாளு எடுத்துருப்பானோ?” என்றாள். சீ என்று சொல்ல வேண்டியவள் நான். எனக்குத்தான் அவரிடம் அத்தனை வருஷப் பழக்கம், என் பிரசவத்துக்கு நடுச்சாமத்தில் வண்டி கொண்டுவந்தவர் அவர். ஆனாலும் நான் மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். பணம் போனால் குத்தகை போகும். திரும்பவும் வெள்ளைத்துரை முன்னால் போய், அவர் காயைக் குலுக்குவதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும்.

எங்களில் மூத்தவளான சோலையம்மாள்தான் சொன்னாள். “பொட்டிபுரத்துல அவன் தங்கச்சி இருக்கா. அங்கதான் போயிருப்பான். வாங்கடி, பஸ்சுக்கு நேரமாச்சு.”

போனோம். ஜீப்பு அந்த வீட்டுக்குப் பின்னால் வைக்கோல் படப்பை ஒட்டி நின்றது. அதன்மேல் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார். எங்களைப் பார்த்ததும் அண்ணன் எழுந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ராத்திரி முழுக்கத் தூங்காத முகம்.

“போன் எங்கண்ணே?” என்றேன்.

அவர் தங்கச்சி தலையைக் குனிந்தபடி அரிசி டிரம்மைக் காட்டினாள். போனை அணைத்து, துணியில் சுற்றி, அரிசிக்குள் புதைத்து வைத்திருந்தார்.

“போன வச்சே போலீசு ஆளப் பிடிச்சிருமாம்ல” என்றார். “ஒத்தப் பைசா தொட்டதில்ல ஆத்தா. படிச்சுச் சொன்னதத் தவிர வேற ஒண்ணும் எனக்குத் தெரியாது.”

அவர் கண் கலங்கியதும் எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. சோலையம்மாள் மட்டும் அசரவில்லை. “தெரியும்டா. திருடுறவன் வாரா வாரம் மிச்சத்த ஊருக்கே கத்திச் சொல்லுவானா? வெரசா வண்டிய எடு. பேங்கு பூட்டிருவாங்க.”

பேங்குக்குள் நாங்கள் நுழைந்தபோது மற்றவர்களுக்கு நிற்க இடமில்லை. சுஜிதா மேடம் ஒவ்வொருத்தியாக விசாரித்தார். இந்த நம்பரை ஏன் கொடுத்தீர்கள் என்று கேட்டார். எல்லாரும் ஒரே பதிலைச் சொன்னோம். சொல்லி வைத்துக்கொண்டு பேசுகிறோமோ என்று அவருக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். எழுந்து வெளியே வந்தார். வாசலில் நின்ற ஜீப்பின் கதவைப் பார்த்தார். பெயிண்ட் உதிர்ந்தும் நம்பர் தெளிவாகத் தெரிந்தது. கையிலிருந்த காகிதத்தோடு ஒவ்வொரு எண்ணாக ஒத்துப் பார்த்தார். அப்புறம் சிரிப்பை அடக்க முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டார்.

“அண்ணே, கதவுகிட்ட நில்லுங்க, ஒரு போட்டோ எடுக்கணும். இதையும் சேத்து அனுப்பறேன்” என்றார்.

ஒச்சப்பன் அண்ணன் போலீசுக்கு எடுக்கிற படம் என்று நினைத்து விறைத்து நின்றார். நாங்கள் அவரவர் ஆதாரைக் காட்டி, அவரவர் நம்பரைக் கொடுத்தோம். ஒருத்தி மகன் நம்பரைச் சொன்னாள். மேடம் விடவில்லை. “உங்க பணம், உங்க நம்பர்தான் வேணும்” என்றார். அவளும் வேறு இரண்டு பேரும் எதிர்க்கடையில் புது சிம் வாங்கி வந்தார்கள்.

அதற்குப் பிறகு நான் தூங்கினேன் என்றா சொல்வது? எஸ்டேட்டில் கை காய் பறித்துக்கொண்டிருக்கும், மனசு போடியில் கிடக்கும். மாசக் கடைசிக்கு முந்தின நாளும் வந்துவிட்டது. சாயங்காலம் ஜீப்பு இறங்கியது. அன்று சனிக்கிழமை இல்லை. ஆனாலும் அண்ணன் அந்த வளைவில் தானாகவே நிறுத்தினார். சட்டைப்பையிலிருந்து போனை எடுத்துப் பார்த்தார். ஒன்றுமில்லை.

அப்போது பின்னால் ஒரு போன் மணியடித்தது. அடுத்து இன்னொன்று. பிறகு ஜீப்பு முழுக்க ஒரே சத்தம். நான் முந்தானையைப் பிரித்து என் போனை எடுத்தேன். எட்டாம் வகுப்பு வரை படித்தவள்தான், ஆனாலும் எழுத்தெல்லாம் ஆடியது. இரண்டு தரம் வாசித்தேன். கணக்கு திறந்துவிட்டது. கூலி வந்திருந்தது. ஏலப் பணம் வந்திருந்தது. எல்லாம் சேர்த்து மிச்சமும் போட்டிருந்தது.

யாரும் வாய்விட்டு வாசிக்கவில்லை. சோலையம்மாள் தன் போனை மார்போடு அணைத்துக்கொண்டிருந்தாள். என் கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது, துடைக்கவும் தோன்றவில்லை. யாரிடமாவது சொல்லியே ஆக வேண்டும் போலிருந்தது.

“அண்ணே, எம் பணம் வந்துருச்சு. மிச்சம் எவ்வளவு தெரியுமா?”

ஒச்சப்பன் அண்ணன் அவசரமாகக் கையைத் தூக்கினார். “வேணாம் ஆத்தா, சொல்லாத. ஆறு வருசமா பதினாலு பேரு பணத்தச் சட்டப்பையில சொமந்துருக்கேன். இன்னைக்காச்சும் நிம்மதியாத் தூங்கறேன்.” கண்ணாடியைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு வண்டியை எடுத்தார்.

மறுநாள் பேங்கு திறந்ததும் குத்தகைப் பணத்தை வெள்ளைத்துரை கணக்குக்கு அனுப்பினேன். அங்கிருந்து நேரே அவர் கடைக்கு நடந்தேன். அவர் போனைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“வந்துருச்சு ஆத்தா. முழுசா வந்துருச்சு” என்றார். ரசீது எழுதிக் கொடுத்தார். அவர் முகத்தில் கோபம் ஒன்றும் இல்லை. கொஞ்சம் யோசனை இருந்தது. மேசைமேல் கிடந்த காயில் ஒரு பிடி அள்ளி, பழக்கத்தில் குலுக்கிக்கொண்டே கேட்டார். “குத்தகை போக மிச்சம் எவ்வளவு நிக்குது?”

எத்தனையோ வருஷமாக அவருக்கு அது தெரியும். எனக்கு முன்னாலேயே தெரியும்.

“நிக்குது முதலாளி” என்றேன். ரசீதை மடித்துக்கொண்டு வெளியே வந்தேன்.

வீட்டுக்குப் போய் முத்துப்பாண்டியிடம் மட்டும் சொன்னேன். அவர் யாரிடமும் சொல்ல மாட்டார். உங்களுக்கும் கேட்க ஆசையாகத்தான் இருக்கும். நான் சொல்வதாக இல்லை.