சோம்பேறிக் கண்ணாடி

எங்கள் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராக இருப்பது வெறுங்கையால் முழம் போடுகிற வேலை. புதுப் பந்து கேட்டால், "போன வருஷப் பந்து என்னாச்சு?" என்பார் தலைமையாசிரியர். பந்து என்ன பதக்கமா, அலமாரியில் பூட்டி வைக்க? உதைத்தால் கிழியத்தானே செய்யும்! அதனால் உயரம் தாண்டும் பிள்ளைகளுக்கு ஒரு காமிரா வேண்டும் என்று அவரிடம் நான் வாயே திறக்கவில்லை. என் வீட்டுக்காரரிடம்தான் திறந்தேன்.

அவர் செல்போன் பழுது பார்க்கிறவர். யாரும் திரும்பி வந்து வாங்காத போன்களும் டேப்லெட்டுகளும் கடை இழுப்பறையில் குவிந்து கிடக்கும். அதில் மூலை விரிசல் விட்ட ஒரு டேப்லெட்டைத் துடைத்து, ஏதோ ஒரு இலவச ஆப்பைப் போட்டு, இறக்கை போன மின்விசிறியின் காலில் ரப்பர் பட்டையால் கட்டிக் கொடுத்தார். காமிரா பார்ப்பதை அது உடனே காட்டாது. கொஞ்சம் பொறுத்துத்தான் காட்டும். கம்பைத் தாண்டி, மெத்தையிலிருந்து எழுந்து, நடந்து வந்து அதன் பின்னால் நின்றால், அப்போதுதான் திரையில் நீங்கள் ஓடி வரத் தொடங்குவீர்கள்.

பிள்ளைகள் அதற்குச் சோம்பேறிக் கண்ணாடி என்று பெயர் வைத்துவிட்டார்கள். இத்தனை காலம் நான் தொண்டை கிழியக் கத்தியும் ஏறாதது, அந்தச் சோம்பேறி வாயைத் திறக்காமலே ஏறியது. எனக்குக் கொஞ்சம் பொறாமைதான், பொய் சொல்வானேன்.

குருவி என்று நாங்கள் கூப்பிடும் பெண்ணைத்தான் அது ஆளே மாற்றியது. முன்பெல்லாம் கம்பு விழுந்தால் காற்று தள்ளிவிட்டது என்பாள், கம்பு கோணல் என்பாள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான். திரையில் தன்னைப் பார்த்த அன்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஐயே, என்ன மிஸ் இது, முன்னங்கால் பறக்குது, பின்னங்கால் தூங்குது!"

அன்றிலிருந்து அந்தப் பின்னங்காலை எழுப்புவதே அவள் வேலையாகிவிட்டது.

அவள் அம்மா பஸ் ஓட்டுகிறவள். எங்கள் கேட் முன்னால் நிற்கும் பஸ்தான். மகள் ஒரு தடவை தாண்டிக்கூட அவள் பார்த்ததில்லை. விளையாட்டு விழாவன்றும் லீவு கிடைக்கவில்லை என்று தெரிந்ததும் குருவியின் முகம் சுண்டிப் போனது.

"அதுக்கென்னடி, நான் வீடியோ எடுத்துத் தரேன். வீட்டுல காட்டு" என்றேன்.

"வேணாம் மிஸ்."

"ஏன், மகாராணிக்கு என்ன குறை?"

"அம்மாவுக்கு எல்லாமே முடிஞ்சப்புறம்தான் மிஸ் தெரியும். பல்லு விழுந்தது, காய்ச்சல் வந்து போனது, எல்லாம். வீடியோ காட்டினா, என் மூஞ்சியைப் பாத்தே என்ன ஆச்சுன்னு கண்டுபிடிச்சிடுவாங்க. நான் குதிக்கிறப்போ அவங்களுக்குப் பக்குனு இருக்கணும். தாண்டுவாளோ மாட்டாளோன்னு. ஒரே ஒரு தடவை."

"பேசினது போதும், ரெண்டு சுத்து ஓடு" என்று விரட்டினேன்.

மறுநாள் அவள் அம்மா பஸ்ஸை நிறுத்திய கையோடு கேட்டுக்கு வந்தாள்.

"டீச்சர், பதினோரு மணிக்கு நம்ம ட்ரிப்பு இங்கதான் நிக்கும். கண்டக்டர் அண்ணன் ரெண்டு நிமிஷம் சமாளிச்சுக்கறேன்னார். அந்த நேரத்துல அவளைக் குதிக்க வெப்பீங்களா?"

"வெக்கிறேன். நீங்க வாங்க" என்றேன். வாய்க்கு என்ன, வாக்குக் கொடுத்துவிட்டது.

விழாவன்று காலையிலேயே சோம்பேறி தன் குணத்தைக் காட்டியது. இல்லை, தப்பு என்னுடையதுதான். மூக்குக்கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு, கண் கூசும் வெயிலில் திரையைத் தடவித் தடவி, பத்து விநாடி என்று வைக்க வேண்டியதை இரண்டு நிமிஷம் என்று வைத்துத் தொலைத்திருந்தேன். ஒருத்தி தாண்டிவிட்டு வந்து நின்றால், திரையில் அவளுக்கு முந்தின ஆள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தாள்.

"மிஸ், இது சோம்பேறி இல்ல, கும்பகர்ணன்!"

வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். "செட்டிங்ஸுக்குள்ள போ, வலது பக்கம் மேல..." என்று ஆரம்பித்தார். "உங்க செட்டிங்ஸை நீங்களே வெச்சுக்கங்க!" என்று போனை வைத்துவிட்டேன். இரண்டு நிமிஷம் அப்படியே கிடந்தது.

அதற்குமேல் இன்னொரு இடி. என் அனுபவத்தில் முதல் தடவையாக ஒரு சிறப்பு விருந்தினர் சுருக்கமாகப் பேசி உட்கார்ந்துவிட்டார். மற்ற நாளெல்லாம் மைக்கைப் பிடுங்கினாலும் விடமாட்டார்கள், இன்றைக்கென்று புத்தி வந்துவிட்டது! நிகழ்ச்சிகள் எல்லாம் முன்னால் நகர்ந்தன.

கடைசி உயரத்தில் குருவிக்கு ஒரே ஒரு வாய்ப்பு மிச்சம் இருந்தபோது பதினொன்று ஆகவில்லை. கேட்டுக்கு வெளியே ரோடு காலியாகக் கிடந்தது. நான் என்னால் ஆனதையெல்லாம் செய்தேன். கம்பு சரிந்திருக்கிறது என்று அளந்தேன். மெத்தையை நகர்த்தச் சொன்னேன். குனிந்து அவள் ஷூ கயிற்றை அவிழ்த்துக் கட்டினேன்.

"மிஸ், அது ஏற்கெனவே கட்டித்தான் இருந்துச்சு" என்றாள் அவள், கேட்டையே பார்த்துக்கொண்டு.

"தெரியும்டி. சும்மா இரு."

நடுவராக வந்த வெளிப் பள்ளி ஆசிரியர் கடிகாரத்தைக் காட்டினார். பெயரைக் கூப்பிட்டால் ஒரு நிமிஷத்துக்குள் குதித்தாக வேண்டும். அதுதான் விதி, அவரைச் சொல்லிக் குற்றமில்லை. கூப்பிட்டார்.

குருவி ஓடினாள். நன்றாகத்தான் எழும்பினாள். இடுப்பு தாண்டியது, முட்டி தாண்டியது, கடைசியில் பின்னங்குதிகால் கம்பைத் தொட்டது. கம்பு ஆடி ஆடி விழுந்தது. அவள் மெத்தையில் குப்புறக் கிடந்து அழுதாள். பிள்ளைகள் ஓடிப் போய் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள்.

அப்போதுதான் பஸ் வந்து நின்றது. வந்ததே வந்தது, கொஞ்சம் முன்னால் வந்திருக்கக் கூடாதா!

மெத்தையைச் சுற்றி நின்ற கூட்டத்தில் மகள் கிடப்பது அந்த அம்மாவுக்குத் தெரியவில்லை. மூச்சிரைக்க, சோம்பேறிக்குப் பின்னால் நின்ற என்னிடம் நேரே ஓடி வந்தாள்.

"ஆயிடுச்சா டீச்சர்?"

கண்ணைத் தாழ்த்தினேன். தாழ்த்திய கண்ணில் திரை பட்டது. அதில் நான் குனிந்து குருவியின் ஷூ கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தேன்.

"இல்லம்மா!" என்று அலறினேன். "இன்னும் குதிக்கல! இங்க வந்து நில்லுங்க!"

பிள்ளைகள் பக்கம் திரும்பி உதட்டில் விரலை வைத்தேன். காலையிலிருந்து அந்தக் கும்பகர்ணனோடு மல்லுக்கட்டியவர்கள் அல்லவா, சட்டென்று புரிந்துகொண்டார்கள். ஒருவர் வாயிலிருந்தும் ஒரு சொல் வரவில்லை. நடுவர்கூட விழுந்த கம்பை மெத்தைக்குப் பின்னால் தள்ளி மறைத்துவிட்டார், நல்ல மனுஷன்.

குருவி எழுந்து வந்து அம்மாவின் பக்கத்தில் நின்றாள். மகள் இங்கே நிற்கும்போது அங்கே எல்லாம் முடிந்துவிட்டது என்று தெரியாத அம்மாவா? ஆனால் அவள் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மகளோ திரையைப் பார்க்கவே இல்லை. அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரையில் குருவி ஓடத் தொடங்கினாள். இங்கே அம்மாவின் கை மகளின் தோளைத் தேடிப் பிடித்தது. மூச்சு நின்றது. பிரேக்கை மிதிப்பதுபோல் வலது கால் தரையில் அழுந்தியது.

"தூக்குடி... காலைத் தூக்கு... தூக்கு கண்ணு... ஐயோ!"

கம்பு விழுந்தது. திரையில் மகள் குப்புறப் படுத்து அழுவதைப் பார்த்ததும், பக்கத்தில் நின்றவளை இழுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"அழாதடி, என் தங்கமே. உயிரே போயிடுச்சு எனக்கு."

"நிஜமா பக்குனு இருந்துச்சாம்மா?"

"இருக்காதா பின்ன! இங்க தொட்டுப் பாரு."

குருவி அம்மாவின் நெஞ்சில் கை வைத்துப் பார்த்தாள். கண்ணில் நீர் காயவில்லை, முகமெல்லாம் சிரிப்பு. தோற்றுப்போன ஒரு பிள்ளை அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

வெளியே கண்டக்டர் விசிலை ஊதித் தள்ளினார். மகள் கன்னத்தில் ஒரு முத்தம் கொடுத்துவிட்டு அம்மா ஓடினாள். பஸ் கிளம்பியது. குருவி புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள்.

"ஏய், இங்க வாடி, சீக்கிரம்" என்றேன்.

திரையின் மூலையில் எங்கள் கேட் தெரிந்தது. போய்விட்ட பஸ் அதில் அப்போதுதான் வந்து நின்றது. டிரைவர் சீட்டுக் கதவு திறந்தது. அவள் அம்மா குதித்து இறங்கினாள். ஒரு செருப்பு கழன்று விழுந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. ஒற்றைச் செருப்போடு, கையை வீசிக்கொண்டு, சுடு மண்ணில் ஓடி வந்தாள்.

குருவி மின்விசிறிக் காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"ஓடும்மா!" என்று கத்தினாள். "இன்னும் குதிக்கல, ஓடி வா!"