கடைசி ஆளுக்கும் பின்னால்

ஜெயகுமாரி அன்றைக்கு மலைக்குப் போனது ஓடுவதற்காக அல்ல. ஓடுகிறவர்கள் எல்லோரும் கிளம்பிப் போன பிறகு, கடைசி ஆளுக்கும் பின்னால் நடந்து போவதற்காக.

அவள் சேர்ந்திருந்த ஃப்ரீமான்ட் ஓட்டக் குழு வருடத்துக்கு ஒருமுறை, ஜூலை மாதத்தில், சியரா மலைப் பள்ளத்தாக்கு ஒன்றில் இருபத்தைந்து கிலோமீட்டர் ஓட்டம் நடத்தும். வழி தப்பாமலிருக்க மரக்கிளைகளில் இளஞ்சிவப்பு ரிப்பன்களைக் கட்டிவைப்பார்கள். ஓட்டம் முடியும்போது அவற்றை அவிழ்த்துக்கொண்டு, மலையில் யாரும் தங்கிவிடவில்லை என்று பார்த்துக்கொண்டு கடைசியாக வருபவருக்கு ஸ்வீப் என்று பெயர். ஸ்வீப்புக்கு முக்கியமான விதி இரண்டு. கடைசி ஆளைத் தாண்டிப் போகக் கூடாது. அவரை விட்டுவிட்டு வரவும் கூடாது.

அந்த வேலையை அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள். கூட்டம் முன்னே போய்விடும், ஏழெட்டு மணி நேரம் யார் குரலும் காதில் விழாது என்று நினைத்தாள்.

அவளுக்கு அது பெரிய விஷயம். அவளும் கணவர் கிருபைராஜும் வீட்டிலிருந்தே வேலை பார்த்தார்கள். ஒரே அறையில் இரண்டு மேஜைகள். அவர் மீட்டிங்கில் பேசுவது, மீட்டிங் முடிந்ததும் அந்த மீட்டிங்கைப் பற்றிப் பேசுவது, சாப்பிட என்ன என்று கேட்பது எல்லாம் அவள் முதுகுக்குப் பின்னால் நாள் முழுக்க நடக்கும். சனிக்கிழமை காலை ஆறிலிருந்து எட்டரை வரைக்கும் குன்றுப் பாதையில் ஓடுவாளே, அந்த இரண்டரை மணி நேரம்தான் ஐந்து வருடமாக அவளுடையது. போன ஆகஸ்டில் மகள் ஜெஸ்மி டெக்சஸில் கல்லூரிக்குப் போனாள். செப்டம்பர் முதல் சனிக்கிழமை விடியற்காலையில் ஜெயகுமாரி ஷூ மாட்டிக்கொண்டு ஹாலுக்கு வந்தபோது, கிருபைராஜும் புது ஷூ மாட்டிக்கொண்டு சோபாவில் உட்கார்ந்திருந்தார்.

"நானும் வாரேன், ஜெயா. தனியா வீட்ல என்ன செய்ய?"

அதற்குப் பிறகு ஒரு சனிக்கிழமைகூட அவர் தவறவிடவில்லை.

மலை ஓட்டத்துக்கு அவர் பெயர் கொடுத்தது அவளுக்கு முதல் நாள் மாலை, விடுதி அறையில்தான் தெரிந்தது. பையிலிருந்து தன் எண் அச்சடித்த துணியை எடுத்து நெஞ்சில் வைத்துக் காட்டினார்.

"சர்ப்ரைஸ்! நீ கடைசியா வாறே. நான் ஸ்லோ, எப்படியும் கடைசிதான். ஃபுல் டே ரெண்டு பேரும் சேர்ந்தே வரலாம், என்ன?"

"நல்லது" என்று சொல்லிவிட்டு அவள் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். குழாயைத் திறந்துவிட்டுத் தொட்டியின் விளிம்பில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

காலை ஏழு மணிக்கு ஓட்டம் தொடங்கியது. புல்வெளியைக் கடப்பதற்குள் மற்ற எழுபது பேரும் கண்ணுக்கு மறைந்துவிட்டார்கள். மிஞ்சியது அவர் மட்டும்தான். பள்ளத்தாக்கின் இரு பக்கமும் சாம்பல் நிறப் பாறைகள் செங்குத்தாக எழுந்து நின்றன. உச்சி மடிப்புகளில் பனி இன்னும் கரையாமல் கிடந்தது. ஓடையை ஒட்டிப் போன பாதை ஒரு ஆள் அகலம்தான். வலப்பக்கம் பாறை, இடப்பக்கம் தண்ணீர். அவருடைய முதுகைத் தவிர அவள் கண்ணுக்கு முன்னால் வேறெதுவும் இல்லை.

அவர் பேசிக்கொண்டே போனார். ஜெஸ்மி இரண்டு நாளாகப் போன் பண்ணவில்லை என்றார். சர்ச்சில் புதிதாக வந்த பாஸ்டர் பிரசங்கத்தை நீட்டுகிறார் என்றார். பக்கத்து வீட்டுக்காரர் வேலியைத் தள்ளிப் போட்டிருக்கிறாரோ என்று சந்தேகப்பட்டார். அவள் ரிப்பனை அவிழ்த்துப் பைக்குள் திணித்துக்கொண்டே "ம்" என்றாள். மூச்சு வாங்கினால் பேச்சு நிற்கும் என்று ஏற்றத்தை எதிர்பார்த்திருந்தாள். ஏற்றம் வந்தது. அவர் நடப்பதை நிறுத்திக்கொண்டு பேசினார்.

வளைந்து வளைந்து ஏறும் பாதையில் ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு பாறையில் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்தால் அவளும் நிற்க வேண்டும்.

"நீ ஏன் அங்கேயே நிக்கே? பக்கத்துல வந்து உக்காரு."

"ஸ்வீப் பின்னாடிதாங்க நிக்கணும்."

"யாரு பாக்கப் போறா?"

கொசு மொய்த்தது. மேலேயும் போக முடியாது, கீழேயும் திரும்ப முடியாது. ஏழாயிரம் அடி உயரத்தில், இத்தனை பெரிய வானத்துக்குக் கீழே, தன் வீட்டு அறைக்குள்ளேயே நிற்பதுபோல அவளுக்கு மூச்சு முட்டியது.

பதினைந்தாவது கிலோமீட்டரில் ஒரு ஏரி. அதன் கரையில் கூடாரம் போட்டு, தண்ணீரும் உப்புப் போட்ட உருளைக்கிழங்கும் வைத்துக்கொண்டு குழுத் தலைவர் செழியன் காத்திருந்தார். ஒரு மணிக்குள் அங்கே வந்து சேராதவர்களை மேலே விடுவதில்லை. அவர்கள் போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டு ஐம்பத்திரண்டு.

"சூப்பர் அண்ணா! கட்-ஆஃபுக்கு இன்னும் எட்டு நிமிஷம் இருக்கு" என்றார் செழியன். "இனிமே ரிட்ஜ் வழியா பத்து கிலோமீட்டர். வெதர் கிளியரா இருக்கு. ஆனா கூட வர்றது ஜெயா அக்கா. அவங்க ஓகே சொன்னா போலாம்."

இரண்டு பேரும் அவளைப் பார்த்தார்கள்.

கிருபைராஜின் முகம் சிவந்திருந்தது. சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. ஆனால் கால் தடுமாறவில்லை, பேச்சு குழறவில்லை. இரண்டு உருளைக்கிழங்கை ரசித்துத்தான் தின்றுகொண்டிருந்தார். மெதுவாக நடந்தால் அவரால் முடித்துவிட முடியும். ஐந்து வருடம் ஓடியவளுக்கு அது நன்றாகவே தெரிந்தது.

"வேண்டாம்" என்றாள் ஜெயகுமாரி. "இவருக்கு முடியலை. இங்கேயே நிறுத்திடலாம்."

"எனக்கு ஒண்ணும் இல்லையே, ஜெயா."

"உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். நம்பரைக் கழட்டிக் குடுங்க."

அவர் ஒரு கணம் அவளையே பார்த்தார். பிறகு நெஞ்சில் குத்தியிருந்த நான்கு ஊக்குகளையும் ஒவ்வொன்றாகக் கழற்றி, துணியை மடித்து அவள் கையில் கொடுத்தார்.

"நீ சொன்னா சரிதான்."

செழியன் அவரைத் தன் பிக்கப் வண்டியில் ஏற்றி மண் ரோடு வழியாகக் கீழே கூட்டிப் போனார். வண்டிச் சத்தம் தேய்ந்து அடங்கும்வரை ஜெயகுமாரி ஏரிக்கரையில் நின்றாள். பிறகு ரிட்ஜ் என்ற மலைமுகட்டை நோக்கி நடந்தாள்.

அவளுக்கு முன்னால் இப்போது யாரும் இல்லை. பாறை இடுக்குகளில் மஞ்சள் பூக்கள் பூத்திருந்தன. காற்று ஒரே சீராக வீசியது. இதற்காகத்தான் வந்தோம் என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். ஆனால் கண் அடிக்கடி மேற்கு வானத்துக்குப் போனது. ஒரு கருமேகம் திரண்டால் போதும், இரண்டு இடி இடித்தால் போதும், தான் செய்தது சரியென்று ஆகிவிடும். வானம் கடைசிவரை பளிச்சென்று நீலமாகவே இருந்தது.

ரிட்ஜின் பாதித் தூரத்தில் ஒரு பாறைமேல் உட்கார்ந்தாள். ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. இடுப்பிலிருந்த வாக்கி-டாக்கி கரகரத்தது.

"ஜெயா? ஜெயா, கேக்குதா? செழியன்கிட்ட ரேடியோ வாங்கிட்டேன். எங்க இருக்கே?"

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். ஸ்வீப் ரேடியோவை அணைக்கவும் கூடாது.

"வந்துட்டிருக்கேங்க."

"தனியா பயமா இருக்கா? நான் பேசிட்டே இருக்கேன்."

சொன்னபடியே பேசினார். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை, பாதை இறங்கிப் புல்வெளிக்கு வரும்வரை.

முடிவுக்கோட்டில் அவளுக்காக மடக்கு நாற்காலி ஒன்றை விரித்துவைத்துக் காத்திருந்தார். சுற்றி இருந்தவர்களிடம் உரக்கச் சொன்னார், "டாக்டர்கூட இப்படிக் கண்டுபிடிக்க மாட்டாங்க. முகத்தைப் பாத்தே சொல்லிட்டா. இவ நிறுத்தலேன்னா இன்னைக்கு எனக்கு என்ன ஆயிருக்குமோ, கர்த்தருக்குத்தான் தெரியும்." யாரோ கை தட்டினார்கள். திட்டியிருந்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது.

திரும்பும்போது அவளே கார் ஓட்டினாள். சாக்ரமென்டோவைத் தாண்டியதும் ஃப்ரீவேயில் ஐந்து வரிசையிலும் வண்டிகள் நின்றுவிட்டன. ஜெஸ்மிக்கு அனுப்பிய வாய்ஸ் மெசேஜில் அவர் நடந்ததை மூன்றாவது முறையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்: "உங்கம்மா என்னைக் காப்பாத்திட்டா."

அவர் போனை வைத்ததும் ஜெயகுமாரி சொன்னாள், "உங்களால முடிஞ்சிருக்கும்ங்க."

"என்னது?"

"மீதி பத்து கிலோமீட்டரும் முடிச்சிருப்பீங்க. உங்களுக்கு ஒண்ணும் இல்லை. நான்தான் போதும்னு நிறுத்தினேன்."

முன்னால் நின்ற வண்டி அரை அடி நகர்ந்தது. அவளும் நகர்த்தினாள்.

"ஏன்?"

"தனியா இருக்கணும்னு இருந்துச்சு." "எனக்கு என் சனிக்கிழமை வேணும். வேற எதுவும் கேக்கலை."

அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தாள். அதற்குத் திருப்பிச் சொல்ல வேண்டிய வார்த்தைகள்கூட அவளிடம் தயாராக இருந்தன. அவரோ ஜன்னல் பக்கம் திரும்பி, வெகுநேரம் பக்கத்து லாரியின் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் எங்க போறது, ஜெயா?" என்றார் பிறகு.

குரலில் மனக்குறை ஏதும் இல்லை. உண்மையாகவே தெரியாமல் கேட்டார். காரை விட்டு இறங்கிப் போக அங்கே வழி இல்லை.

அடுத்த சனிக்கிழமை காலை அவர் எழுந்திருக்கவில்லை. தூங்கவும் இல்லை என்பது அவர் மூச்சிலிருந்தே அவளுக்குத் தெரிந்தது. அவள் சத்தமில்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு கிளம்பினாள். குன்றுப் பாதையில் பத்து மாதங்களுக்குப் பிறகு தனியாக ஓடினாள். முதல் கிலோமீட்டரில் ஒருமுறை போனை எடுத்துப் பார்த்தாள். மேட்டில் ஏறியதும் ஒருமுறை. அவரிடமிருந்து ஒரு செய்தியும் இல்லை. அதற்குப் பிறகு கால் ஓடியதே தவிர, மனம் அந்தப் படுக்கையறையை விட்டு வெளியே வரவே இல்லை.

எட்டு மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிட்டாள். கிருபைராஜ் சமையலறையில் நின்றபடி காபி குடித்துக்கொண்டிருந்தார்.

"சீக்கிரமே வந்துட்டியே" என்றார்.

"வெயில் வந்துடுச்சுங்க" என்றாள் ஜெயகுமாரி. அவருக்குப் பின்னால், ஜன்னலுக்கு வெளியே, பனிமூட்டம் இன்னும் விலகாமல் இருந்தது.