பதினேழாம் எண் தோட்டம்

ஆரன் ஆறு மணிக்கு எழுந்தான். கெட்டிலைப் போட்டான். இரண்டு ரொட்டித் துண்டுகளை வாட்டி வெண்ணெய் தடவினான். ஒன்றைத் தின்றான். மற்றதைக் குப்பையில் போட்டான். ஞாயிற்றுக்கிழமை என்பதால் வேலைக்குப் போகும் ஷெஃபீல்டு ரயிலைப் பிடிக்க ஓட வேண்டியதில்லை. ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு தோட்டத்துக்குக் கிளம்பினான்.

பார்ன்ஸ்லி ஊரில் தோட்டச் சங்கம் துண்டு துண்டாக வாடகைக்கு விடும் நிலத்தில் ஒரு துண்டு வேண்டுமென்று இரண்டு பேர் பெயரையும் எழுதிக் கொடுத்தவள் அவன் மனைவி கெர்ரி. ஐந்து வருஷம் காத்திருந்தாள். முறை வந்துவிட்டது என்ற கடிதம் வந்தபோது அவளை அடக்கம் செய்து ஏழு வாரம் ஆகியிருந்தது. ஆரன் கையெழுத்துப் போட்டான். அதுவரை அவன் மண்வெட்டியைத் தொட்டதில்லை.

மூன்று மாதத்துக்குள் கால்வாசியாவது பயிராகியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் துண்டு அடுத்த பெயருக்குப் போய்விடும். அவனுக்குக் கிடைத்ததோ ஞாயிறு காலை இரண்டு மணி நேரம். அதனால் ஏப்ரலில் உழவு மெஷின் ஒன்றை வாடகைக்கு எடுத்து, ஒரே காலையில் முழுவதையும் ஓட்டிவிட்டான். மண் பொலபொலவென்று கிடந்தது. மே மாதம் அதிலிருந்து கொடியாகப் படரும் களை கிளம்பியது.

இன்று ஜூன் மாதப் பார்வையிடல். சங்கச் செயலாளர் பெவர்லி வேலியோரம் நின்றிருந்தாள். மற்ற நாட்களில் பஸ் ஓட்டுபவள்.

"என்ன தம்பி, கொடிக்குன்னே பண்ணை வெச்சிருக்கியா?"

"மெஷின் விட்டு உழுதேன்."

"போச்சு! வேரு எத்தனை துண்டாகுதோ அத்தனை செடி வரும்ப்பா. நீ நறுக்கி நறுக்கி நட்டிருக்கே."

"உருளைக்கிழங்கும் நட்டிருக்கேன்."

"நாலு வரிசை. இதைக் கால்வாசின்னு சொல்லிட்டு என் பஸ்ல ஏறினா இறக்கி விட்டுடுவேன்." நோட்டை மூடினாள். "பாதியைக் குடுத்துடு. மிச்சப் பாதிக்கு இந்த நாலு வரிசை கணக்குக்குச் சரியா வந்துடும். எண்பது பேரு காத்துட்டிருக்காங்க."

"இது கெர்ரியோடது. முழுசும்."

"எனக்குத் தெரியாதா? மாசாமாசம் போன் போடுவா. 'என்ன பெவ், துண்டு ஏதும் காலியாச்சா, யாராச்சும் செத்தாங்களா?'ன்னு..."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆரனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஐந்து மாதத்தில் முதல் தடவை. அது சரியாக முடியவும் இல்லை.

அவள் துண்டை இரண்டாகப் பிரிக்க ஒரு நூலுருண்டையையும் இரண்டு முளைக்குச்சிகளையும் அவன் கையில் வைத்துவிட்டுப் பக்கத்துத் துண்டைப் பார்க்கப் போனாள்.

'தோட்டம் கெடச்சா விட்டுடாத' என்பதுதான் கெர்ரியின் கடைசி வார்த்தை என்று அடக்கத்தன்று அவள் அம்மாவிடம் சொல்லியிருந்தான். கேட்டவர்களிடமெல்லாம் அதையே சொன்னான். சொல்லிச் சொல்லி அவனே நம்பத் தொடங்கியிருந்தான். அவள் அப்படி எதுவும் சொல்லவில்லை.

ஒரு முனையின் நடுவில் முதல் குச்சியை அடித்தான். நூலை இழுத்துக்கொண்டு மறுமுனைக்கு நடந்து இரண்டாவதை அடித்தான்.

ஆஸ்பத்திரியில் அந்தக் கடைசிக் காலை, வீட்டிலிருந்து கொண்டுபோன வாட்டிய ரொட்டியை அவள் இரண்டாகப் பிய்த்தாள். ஒன்றை அவன் பக்கம் நீட்டினாள்.

"எனக்குப் பாதி போதும். மிச்சத்தை நீ சாப்பிடு."