மூன்று டின் மரிக்கொழுந்து

ஜூடித்தை ஏன் பிடிக்கவில்லை என்று கேட்டால் சரளா பத்துக் காரணம் சொல்லுவாள். பால் பொங்கி அடுப்பே அணைந்தாலும் அவள் பாட்டை நிறுத்தமாட்டாள். செருப்புக் காலோடு சமையலறைக்குள் போவாள். தோட்டம் என்ற பெயரில் மண்ணெண்ணெய் டின்களை வாசல் முழுக்க அடுக்கி, துளசியும் கற்பூரவல்லியும் பெயர் தெரியாத சீமைச் செடிகளுமாக வளர்த்துக் கொசுவுக்குக் குடித்தனம் வைத்திருக்கிறாள். இப்படிப் பத்தும் வரும். பதினோராவது காரணம் மட்டும் வராது. அது சரளாவின் தங்கை யசோதா.

ஜீவனஹள்ளியில் ஒரே காம்பவுண்டில் இரண்டு வீடுகள், நடுவே ஒரு மூங்கில் வேலி. இந்தப் பக்கம் சரளாவும் மில்லுக்குப் போகும் அவள் புருஷன் நாராயணசாமியும். அந்தப் பக்கம் ஜூடித்தும், கண்டோன்மெண்டில் ஒரு அச்சாபீசில் வேலை பார்க்கும் ஓஸ்வால்டும். யசோதாவைக் கோலார் தங்கவயலில் கட்டிக் கொடுத்திருந்தது. அம்மா அப்பா இல்லாத பெண் என்பதால் தலைப்பிரசவத்துக்கு அக்கா வீட்டுக்கு வந்தாள். ஆண் குழந்தை. ஒன்பதாம் நாள் காய்ச்சல் கண்டு, அன்று சாயங்காலமே போய்விட்டது. அதோடு யசோதாவின் பேச்சும் நின்றது. அவள் புருஷன் வெங்கடகிருஷ்ணன் இரண்டு நாள் லீவு போட்டு வந்து, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த பெண்டாட்டியைப் பார்த்துக்கொண்டே தானும் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனான்.

பாடு முழுக்கச் சரளாவுடையது. கட்டிக்கொண்ட பால் வற்ற மல்லிகைப்பூவை மார்பில் வைத்துக் கட்டியவள் அவள். லேகியம் கிண்டியவள், தலைக்கு ஊற்றிவிட்டவள், கவளம் கவளமாக உருட்டி வாயில் கொடுத்தவள் எல்லாம் அவளே. நாற்பது நாள் அவள் கையால்தான் யசோதா சாப்பிட்டாள். பெரிய டாக்டரிடம் காட்டலாமே என்று நாராயணசாமி ஒருமுறை வாயைத் திறந்து, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டான். தங்கச்சியைப் பற்றி எனக்குத் தெரியாததா டாக்டருக்குத் தெரியும் என்றாள் சரளா. உள்ளதைச் சொன்னால், அந்த நாற்பது நாளும் அவளுக்குத் துக்கத்தோடு ஒரு நிறைவும் இருந்தது. பிள்ளை பெறாதவள் மடியில் ஒரு பிள்ளை வந்து விழுந்த மாதிரி.

அப்போதுதான் ஜூடித் மூக்கை நுழைத்தாள். வைத்தியம் பார்க்கிற எண்ணமெல்லாம் அவளுக்கு இல்லை. கை போதவில்லை, அவ்வளவுதான். ஓஸ்வால்ட் அச்சாபீசிலிருந்து மிச்ச மையும் காகிதத் துண்டுகளும் கொண்டுவருவான். ஜூடித் ஒரு இலையில் மையைத் தடவி, மேலே காகிதத்தை வைத்து, ஸ்பூனின் முதுகால் தேய்ப்பாள். எடுத்தால் இலையின் நரம்பெல்லாம் காகிதத்தில் நிற்கும். சர்ச்சில் கிறிஸ்துமஸ் விற்பனைக்கு வாழ்த்து அட்டை செய்கிறாளாம். அன்று காற்றில் காகிதம் பறந்தது. வேலியோரம் உட்கார்ந்திருந்த யசோதாவிடம், கொஞ்சம் பிடிச்சுக்கம்மா என்று ஒரு முனையை நீட்டினாள். யசோதா பிடித்தாள்.

மறுநாள் யாரும் கூப்பிடாமலே போனாள். அடுத்த நாளும் போனாள். ஒரு வாரத்தில் அவளே இலை பறித்து, கசக்கி மோந்து பார்த்து, மை தடவினாள். ஜூடித் அவளுக்கென்று மூன்று டின்னில் மரிக்கொழுந்து நட்டுக் கொடுத்தாள். மெல்லிய மெல்லிய இலை. காகிதத்தில் எடுத்தால் எறும்பு கோலம் போட்ட மாதிரி இருக்கும். செடி தழையட்டும், அப்புறம் பறிக்கலாம் என்று யசோதா விடிந்ததும் போய் மூன்று டின்னையும் தொட்டுப் பார்த்துவிட்டு வருவாள்.

ஒருநாள் காலை சரளா அரிசி களைந்துகொண்டிருந்தாள். வேலியோரம் ஒரு குரல் கேட்டது. "ஜூடிக்கா, டின்னுல மண்ணு காஞ்சு போச்சு." நாற்பத்தெட்டு நாளுக்குப் பிறகு யசோதா பேசிய முதல் பேச்சு. சரளாவுக்குக் கண்ணில் நீர் வந்தது, சாமி படத்தைப் பார்த்துக் கும்பிட்டாள், எல்லாம் சரி. ஆனால் அந்த 'அக்கா' தொண்டையில் முள்ளாய் நின்றுகொண்டது. தன்னைவிட மூன்று வயது சின்னவள் ஜூடித். அவளுக்கு அக்கா பட்டம். பாடுபட்டவள் ஒருத்தி, பேர் வாங்குகிறவள் இன்னொருத்தி.

அதன்பின் யசோதா தேறத் தேற சரளா கருகினாள். தங்கை சிரித்தால், யாரால் சிரித்தாள் என்று கணக்குப் பார்த்தாள். வேலிக்கு அந்தப் பக்கம் சிரிப்புக் கேட்டால் இந்தப் பக்கம் பாத்திரம் சத்தமாக விழுந்தது. மை பட்டால் ரத்தம் கெடும் என்று சொல்லிப் பார்த்தாள். தீட்டு, திருஷ்டி என்றும் சொன்னாள். யசோதா தலையாட்டிவிட்டு, கையை அலம்பிக்கொண்டு, மறுபடி போனாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை நாராயணசாமிக்குச் சோறு போட்டுக்கொண்டே யசோதா சாதாரணமாகச் சொன்னாள். "ஜூடிக்கா மட்டும் இல்லைன்னா நான் செத்திருப்பேன் மாமா." அவனும், ஆமாம்மா, புண்ணியவதி என்றான். உள்ளே ரசம் தாளித்துக்கொண்டிருந்த சரளா அதைக் கேட்டாள். கடுகு கருகிப் புகைந்தும் அவள் கரண்டியை எடுக்கவில்லை.

மறுநாள் பகல் ஜூடித் சர்ச்சுக்குப் போயிருந்தாள். யசோதா குளித்துக்கொண்டிருந்தாள். சரளா சோறு வடித்தாள். கஞ்சி கொதிக்கக் கொதிக்கப் பாத்திரத்தில் இறங்கியது. வழக்கமாக அதை ஆறவைத்து உப்புப் போட்டுத் தங்கைக்குக் கொடுப்பாள். அன்று பிடிதுணியோடு பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு, அதுவரை மிதிக்காத ஜூடித்தின் வாசலில் காலை வைத்தாள். மூன்று டின்னிலும் வேரைப் பார்த்து ஊற்றினாள். ஆவியோடு மரிக்கொழுந்து வாசனை குப்பென்று எழுந்து முகத்தில் அடித்தது. வந்த வேகத்தில் திரும்பிவிட்டாள்.

சாயங்காலமே செடிகள் தலை தொங்கின. மூன்றாம் நாள் கறுத்தன. வேர்ப்புழுவாக இருக்கும், வேறே நடலாம் யசோ என்று ஜூடித் புதுக் கன்று கொண்டுவந்தாள். யசோதா தொடவில்லை. கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டு வீட்டுக்குள் வந்து, பழைய சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள்.

சரளா மறுபடி சோறு உருட்டினாள். யசோதா வாயைத் திறந்து வாங்கிக்கொண்டாள். சொல்ல வெட்கம்தான், ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்: அந்த இரண்டு நாள் சரளா சந்தோஷமாக இருந்தாள். வேலிக்கு அந்தப் பக்கம் பாட்டுக்கூட இல்லை.

மூன்றாம் நாள் யசோதா வாயைத் திறக்கவில்லை. சரளா கெஞ்சினாள், மிரட்டினாள். தண்ணீர்கூட இறங்கவில்லை. எதிர்வீட்டுக்காரி இடுப்புப் பிள்ளையோடு பார்க்க வந்தபோது, யசோதா எழுந்து அறையின் மூலைக்குப் போய் ஒண்டிக்கொண்டாள். நான்காம் நாள் மத்தியானம் தட்டோடு எதிரே உட்கார்ந்த சரளாவிடம், தரையைப் பார்த்தபடி பேசினாள்.

"நான் தொட்டது தங்காதுக்கா. ஒம்போது நாளும் அவன நான்தானே தூக்கி வெச்சிருந்தேன். அந்தச் செடியையும் தினம் தொட்டேன். நீ என்கிட்ட வராதே. உனக்கும் எதாச்சும் ஆயிடும்."

சரளாவின் கையில் கவளம் அப்படியே நின்றது. சும்மா இருந்தால் தங்கை போய்விடுவாள். சொன்னால் தங்கை முகத்தில் முழிக்க முடியாது. நாற்பது நாள் செய்ததெல்லாம் ஒரு பாத்திரம் கஞ்சியில் போய்விடும். ஜூடித்துக்கும் தெரிந்துவிடும், அவள் பெருந்தன்மையாகச் சிரிப்பாள். அதை நினைக்கத்தான் சரளாவுக்கு எல்லாவற்றையும்விட எரிந்தது.

"புழு இல்ல யசோ. நான்தான் கொதிக்கிற கஞ்சிய ஊத்தினேன்."

யசோதா நிமிர்ந்தாள்.

"நீ அவளையே சுத்தி வர்றது பொறுக்கல. பொறாமைல செஞ்சேன்."

அடி விழும் என்று நினைத்தாள். பேயே, பாவி என்று ஒரு வார்த்தை வந்தால்கூடத் தேவலை என்றிருந்தது. யசோதா முந்தானைக்குள்ளிருந்து இரண்டு கைகளையும் வெளியே எடுத்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அப்ப என் கை இல்லியா?"

"இல்லடி. என் கை."

குழந்தை போன அன்று அழாதவள் அப்போது அழுதாள். சரளா அணைக்கக் கையை நீட்டுவதற்குள் எழுந்து வெளியே ஓடினாள். வேலிக்கு அந்தப் பக்கம் ஜூடிக்கா, ஜூடிக்கா என்று கேட்டது. பிறகு இரண்டு அழுகைகள் சேர்ந்து கேட்டன. அந்த அழுகையாவது தன் மடியில் அழுதிருக்கக் கூடாதா என்று சரளாவுக்குத் தோன்றியது. இவ்வளவுக்குப் பிறகும் பொறாமைதான். அது எங்கேயும் போய்விடவில்லை.

அந்தப் பொறாமையோடுதான் எழுந்தாள். தட்டை எடுத்துக்கொண்டு வேலியைச் சுற்றி நடந்து, ஜூடித்தின் சமையலறை வரைக்கும் போனாள். யசோதா ஜூடித்தின் தோளில் சாய்ந்திருந்தாள். ஜூடித் சரளாவைப் பார்த்தாள். சிரிக்கவில்லை, உட்காரச் சொல்லவும் இல்லை.

சரளா தங்கைக்கு எதிரே குந்தி, ஒரு கவளம் உருட்டி வாயருகே நீட்டினாள். இரண்டு நாள் பட்டினிக்காரி அதைப் பார்த்தாள். வாயைத் திறக்கவில்லை. மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டு வலது கையை நீட்டினாள்.

"தட்டக் குடுக்கா. நானே சாப்புடறேன்."

சரளா கவளத்தைத் தட்டிலேயே போட்டுவிட்டு, தட்டைக் கொடுத்தாள்.