நூற்று முப்பத்திரண்டு படிகள்

ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநரை ஸ்ட்ரெச்சரில் ஏற்றியாகிவிட்டது. நேற்று வயிற்றில் அறுவை சிகிச்சை நடந்தவர். இன்று காலையிலிருந்து மூச்சு வாங்குகிறது. தரைத்தளத்தில் ஸ்கேன். ஆக்ஸிஜனோடு போகும் நோயாளியுடன் ஒரு நர்ஸ் லிஃப்டுக்குள் இருந்தே ஆகவேண்டும்.

இன்று அந்த நர்ஸ் அவளாகத்தான் இருக்கவேண்டும். வார்டு இருக்கும் ஆறாவது மாடிக்கு நூற்று முப்பத்திரண்டு படிகள். மூன்று வருடமாக அவற்றில்தான் ஏறி இறங்குகிறாள். கேட்பவர்களிடம் உடம்புக்கு நல்லது என்பாள். லிஃப்ட் கதவு மூடும்போது நெஞ்சு ஏன் அடைக்கிறது என்று சொல்ல அவளிடம் ஒரு கதையும் இல்லை. ஸ்கேனுக்குக் கூட்டிப்போகும் வேலை ஒருமுறைகூடத் தன் பெயருக்கு விழாததைத் தன் அதிர்ஷ்டம் என்றே நம்பியிருந்தாள்.

இன்று இன்னொரு நர்ஸ் ஆபரேஷன் தியேட்டருக்குப் போயிருந்தாள். வார்டில் டியூட்டி போடும் இன்சார்ஜ் அக்கா நான்காம் படுக்கையருகே, டாக்டரோடு ஒரு புண்ணுக்குக் கட்டு மாற்றிக்கொண்டிருந்தாள். ஸ்ட்ரெச்சரைப் பார்த்தாள். பிறகு அவளைப் பார்த்தாள்.

"டாக்டர், அஞ்சு நிமிஷம். நான் கீழ போயிட்டு வந்துடறேன்," என்று கையுறையைக் கழற்ற ஆரம்பித்தாள்.

கட்டுப் போடும்போது பாதியில் அக்கா கையுறையைக் கழற்றி யாரும் பார்த்ததில்லை. தன் அதிர்ஷ்டம் எங்கிருந்து வந்தது என்று அந்தக் கணத்தில் அவளுக்கு விளங்கியது.

"வேணாம்க்கா. நானே போறேன்."

ஸ்ட்ரெச்சர் தள்ளுபவர் ஆமைபோல் நடப்பதால் வார்டில் அவருக்கு 'எக்ஸ்பிரஸ்' என்று பெயர். லிஃப்டுக்குக் காத்திருக்கையில் மெல்லச் சொன்னார்: "மூணு வருஷமா உங்களுக்கு ஸ்கேன் டியூட்டியே விழல. சும்மாவா சிஸ்டர்? எல்லாருக்கும் தெரியும். அக்கா யாரையும் வாயத் திறக்க விடல."

கதவு மூடியது. அவள் ஓட்டுநரின் மணிக்கட்டைப் பிடித்து நாடியை எண்ணினாள். இருபதுக்குமேல் எண்ணிக்கை தப்பியது, முதலிலிருந்து தொடங்கினாள். ஆக்ஸிஜன் அளவு காட்டும் எண்ணிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

முகமூடிக்குள்ளிருந்து ஓட்டுநர் விட்டுவிட்டுப் பேசினார்.

"பயமாம்மா?"

"ஒண்ணும் ஆகாதுய்யா. ஸ்கேன்தான்."

"எனக்கில்ல... உங்களுக்கு. முப்பது வருஷம்... ஸ்டியரிங்கக்கூட நான் இப்படிப் பிடிச்சதில்ல."

எக்ஸ்பிரஸ் சுவரைப் பார்த்துச் சிரித்தார். அவளுக்கும் சிரிப்பு வந்தது, கண்ணீரோடு. பிடியைத் தளர்த்தினாள், விடவில்லை. கதவு திறந்தபோது தரைத்தளத்தின் பினாயில் வாசனைகூட நன்றாக இருந்தது.

ஸ்கேன் முடிந்து வெளியே வந்தார்கள். ஆபரேஷன் தியேட்டருக்குப் போயிருந்த நர்ஸ் லிஃப்டிலிருந்து இறங்கி வந்தாள்.

"அக்கா அனுப்பினாங்க. நான் இவரக் கூட்டிட்டுப் போறேன், நீ படியில வா. பெரிய வீராங்கனைதான், போதும்."

எக்ஸ்பிரஸ் ஸ்ட்ரெச்சரை உள்ளே தள்ளிவிட்டு, மூடவந்த கதவைக் காலால் தடுத்துக்கொண்டு நின்றார். அவளுக்கு இடப்பக்கம் படிக்கட்டு, மேல் ஜன்னலின் வெளிச்சத்தோடு. லிஃப்டுக்குள் ஓட்டுநர் கண்களை மூடியிருந்தார். போர்வைக்கு வெளியே அவருடைய வலதுகை மட்டும், மணிக்கட்டு மேல்நோக்கியபடி, அவள் பக்கமாக நீண்டிருந்தது.