கம்பின் மறுமுனையைப் பிடித்தவர்

வீரர்களின் தியாகத்துக்குத் தலைவணங்குவதாக அந்தக் கட்டடத்தின் வாசலில் பளிங்கில் பொறித்திருந்தார்கள். வணங்கிய கையோடு, ஊனத்துக்கான மேல்முறையீடுகளை விசாரிக்கும் தீர்ப்பாயத்தைக் கொண்டுபோய் மூன்றாவது மாடியில் வைத்துவிட்டார்கள். லிஃப்ட் இல்லாமல் இல்லை. ‘உறுப்பினர்களுக்கு மட்டும்’ என்று பலகை மாட்டிக்கொண்டு அது சும்மா நின்றது. கால் போனவரும் இடுப்பு போனவரும் படியேறி வந்துதான் தங்களால் படியேற முடியாது என்று நிரூபிக்க வேண்டும். ஏறாதவரை ‘வரவில்லை’ என்று குறித்துவிடுவார்கள். ஏறியவரைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், அவர்தான் ஏறிவிட்டாரே.

சமையல்காரர் ஏறிவிட்டார். ஒரு பக்கம் கைத்தடி, இன்னொரு பக்கம் மனைவி. ராணுவச் சமையல்கூடத்தில் அடுப்போடு மல்லுக்கட்டி ஓய்வு பெற்ற மனிதர். முதுகெலும்பில் நரம்பு நசுங்கி, வலது கால் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டிருந்தது. ராணுவ ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சை செய்தால் காலைக் காப்பாற்றிவிடலாம். ஆனால் காயம் பணியில் பட்டதுதான் என்று தீர்ப்பாயம் சொன்னால்தான் அந்த ஆஸ்பத்திரிக் கதவு திறக்கும். மற்ற ஆஸ்பத்திரிகளெல்லாம் அவர்களுக்குத் தெருவில் நின்று பார்க்கிற கட்டடங்கள். “இந்த வருஷம் தாண்டிட்டா கத்தி வெச்சும் பிரயோஜனம் இல்லீங்க” என்று டாக்டர் கைவிரித்திருந்தார்.

காயம் பட்ட கதை சின்னதுதான். முகாமில் தண்ணீர் நிரம்பிய அண்டாவைக் கம்பில் கோத்து, ஈரப் படிகளில் இரண்டு பேர் இறக்கிக்கொண்டிருந்தார்கள். கீழ்முனையில் சமையல்காரர், மேல்முனையில் ஸ்டோர் பொறுப்பாளர். எதிரே ஓர் அதிகாரி வந்தார். மேல்முனைக்காரர் கம்பை விட்டுவிட்டு விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தார். அண்டாவுக்கு அந்த மரியாதையெல்லாம் தெரியாது. அது கீழே வந்தது. அதற்கு முன்னால் சமையல்காரர் வந்தார். அதிகாரி சல்யூட்டை ஏற்றுக்கொண்டு நடையைக் கட்டினார். முகாம் மருத்துவர் ‘முதுகு வலி, ஓய்வு’ என்று எழுதி வைத்தார். அந்த அதிகாரி இப்போது உயிரோடு இல்லை.

சல்யூட் வைத்த ஸ்டோர்காரர்தான் இன்றைக்கு முன்னாள் வீரர் சங்கத் தலைவர். எல்லோரும் அவரைக் ‘கமாண்டர்’ என்பார்கள். அந்தப் பட்டத்தை யார் கொடுத்தது என்று கேட்டவர்கள் சங்கத்தில் நீடித்ததில்லை. குண்டு மழையில், ஒரு குன்றின் உச்சியிலிருந்து, முதுகில் அடிபட்ட தோழனைத் தோளில் சுமந்து இறங்கிய கதையைக் கமாண்டர் ஆண்டுவிழாதோறும் சொல்வார். வருஷத்துக்கு வருஷம் குன்று வளர்ந்துகொண்டே போயிற்று. அந்தத் தோழன் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார், கமாண்டர் கையைக் காட்டுவார், கூட்டம் கைதட்டும். சமையல்காரர் ஒருநாளும் மறுத்ததில்லை. கைத்தட்டல் முதுகுக்குக் கொஞ்சம் இதமாகத்தான் இருந்தது.

வினை அங்கேதான். முதல் மனுவைக் கமாண்டரே எழுதிக்கொடுத்தார்: ‘எதிரியின் தாக்குதலில் வீழ்ந்து.’ சமையல்காரர் கையெழுத்துப் போட்டார். ராணுவ இலாகா பழைய பதிவுகளைக் கிளறிப் பார்த்தது. அந்த முகாமில் அந்த ஆண்டு வெடித்தது ஒரு ஸ்டவ் மட்டுமே என்று தெரியவர, மனு தள்ளுபடி.

மேல்முறையீட்டுக்கு வந்த வக்கீல் தலையில் அடித்துக்கொண்டார். “உங்கள யாருங்க சண்டைக்குப் போகச் சொன்னது? டியூட்டில அண்டா தூக்கி விழுந்தாலும் அது டியூட்டிதான். உண்மையச் சொல்லியிருந்தா அன்னைக்கே முடிஞ்சிருக்கும்.”

இப்போது ஒரே மனிதர் இரண்டு கதை சொன்னதாக ஆகிவிட்டது. எது மெய் என்று சொல்லக் கண்ணால் பார்த்த சாட்சி வேண்டும். இருந்தது ஒரே சாட்சி. மனைவி போய்க் கமாண்டர் வீட்டு வாசலில் நின்றாள். கமாண்டருக்குக் கண் கலங்கிவிட்டது. “என் கூடப் பொறந்தவன் மாதிரிம்மா அவன். உள்ளத உள்ளபடி சொல்றேன்” என்றார். அப்போது அவர் மனதாரத்தான் சொன்னார்.

விசாரணை அறைக்கு வெளியே பெஞ்சில் இருவரும் காத்திருந்தபோது கமாண்டர் வந்தார். மார்பு நிறையப் பதக்கம். பின்னால் சங்கமே திரண்டு வந்திருந்தது.

“அண்ணே, இவங்க எல்லாம் எதுக்கு?” என்றாள் மனைவி.

“ஆதரவுக்கும்மா. நம்மாளுக்கு நாம வரலைன்னா யாரு வருவா?”

“இவங்க முன்னாடி அண்டாவச் சொல்லுவீங்களா?”

“சொல்லுவேம்மா. என்னை என்னன்னு நெனச்ச?” கமாண்டர் பதக்கங்களைச் சரிசெய்துகொண்டார்.

சமையல்காரர் அவர் கையைப் பிடித்தார். “அண்ணே, சல்யூட்ட வேணும்னா விட்டுடுங்க. கை வழுக்கிடுச்சுன்னு சொல்லுங்க. அண்டா மட்டும் இருந்தாப் போதும்.”

“டேய், நான் பாத்துக்கறேன். நீ பேசாம இரு.”

உள்ளே உயரமான மேடையில் மூன்று பேர். நடுவில் தீர்ப்பாயத் தலைவர். ஒரு பக்கம் ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி, நாற்காலியிலும் அணிவகுப்பில் நிற்பதுபோல் உட்கார்ந்திருந்தார். இன்னொரு பக்கம் ஒரு டாக்டர், கண்ணை மூடி ஆழ்ந்து யோசித்துக்கொண்டிருந்தார். யோசனை லேசாகக் குறட்டை விட்டது.

கமாண்டர் கூண்டில் ஏறினார்.

“கண்ணால பாத்ததச் சொல்லுங்க” என்றார் தலைவர்.

“ஐயா, அன்னைக்குக் காலையில நல்ல மழை. படியெல்லாம் ஈரம். நாங்க ரெண்டு பேரும் இறங்கிட்டு இருந்தோம்.”

மனைவி கணவரின் முழங்காலை அழுத்தினாள். மழை சரி, ஈரம் சரி, படி சரி.

“கையில என்ன இருந்தது?”

கமாண்டர் வாயைத் திறந்தார். பின்னால் நாற்காலிகள் கிறீச்சிட்டன. ஆண்டுவிழாவில் கதை இந்த இடத்துக்கு வரும்போது செய்வது போலச் சங்கம் முன்னால் சாய்ந்து உட்கார்ந்தது. கமாண்டர் ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

“துப்பாக்கிங்கய்யா” என்றார்.

அதற்கப்புறம் அவரைப் பிடித்து நிறுத்த ஆளில்லை. குன்று வந்தது, குண்டு வந்தது, தோளில் தோழன் வந்தான். டாக்டரே கண் விழித்துவிட்டார். ராணுவ அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அடக்க முடியாமல் யாரோ கைதட்ட, டவாலி போட்ட சேவகன் அதட்டினான்.

சமையல்காரர் தடியை ஊன்றி எழுந்தார். “ஐயா, அப்படி இல்லீங்க. அண்டாங்க. தண்ணி அண்டா.”

“உங்க சாட்சி பொய் சொல்றார்ங்கறீங்களா?” என்றார் தலைவர்.

வக்கீல் அவசரமாகக் குனிந்து, “ஆமான்னா சாட்சி போச்சு, இல்லைன்னா மனு போச்சு” என்று காதில் சொன்னார்.

சமையல்காரர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

மனைவிதான் வெடித்தாள். “ஐயா, இவரு சமையக்காரருங்க! துப்பாக்கியத் தொட்டதே இல்ல. அவரு கம்ப விட்டுட்டாருங்க, அதான் இவரு விழுந்தாரு!”

“நீங்க அங்க இருந்தீங்களாம்மா?”

“இல்லீங்க.”

“அப்ப உக்காருங்க.”

உத்தரவைப் பிற்பகலில் வாசித்தார்கள். மனுதாரர் அண்டா என்கிறார், அவருடைய சாட்சி போர் என்கிறார், பதிவேடு முதுகு வலி என்கிறது. ஒன்றோடொன்று ஒட்டாததால் எதுவும் நிரூபணமாகவில்லை. மேல்முறையீடு தள்ளுபடி. ஆயினும், சாட்சி சொன்ன முன்னாள் வீரரின் தீரத்தை இத்தீர்ப்பாயம் பெருமிதத்துடன் பதிவு செய்கிறது. ராணுவ அதிகாரியின் விருப்பப்படி அந்தக் கடைசி வரியை இரண்டாம் முறையும் வாசித்தார்கள்.

“மேல எங்கயாவது போகலாங்களா சார்?” வராந்தாவில் மனைவி வக்கீலைக் கேட்டாள்.

“போகலாம்மா. ஆனா அங்க சட்டத்தத்தான் பாப்பாங்க. என்ன நடந்ததுங்கறத இவங்க முடிவு பண்ணியாச்சு.”

“என்ன நடந்துச்சாம்?”

வக்கீல் காகிதக் கட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். “ஒண்ணும் நடக்கலையாம்.”

கமாண்டரைச் சூழ்ந்து சங்கத்தார் கை குலுக்கிக்கொண்டிருந்தார்கள். தீர்ப்பாயமே பாராட்டியதைச் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்ட வேண்டும் என்று ஒருவர் சொன்னார். கமாண்டர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். முகம் பேயறைந்தது போலிருந்தது.

“மன்னிச்சுக்கடா. எல்லாரும் பாத்துட்டு இருந்தாங்க. வேற எதுவும் வாயில வரல.”

சமையல்காரருக்கு அவரை ஓங்கி அறைய வேண்டும் போலிருந்தது. ஆனால் அத்தனை வருஷக் கைத்தட்டலில் பாதியைத் தானும்தானே வாங்கிக்கொண்டார். “பரவால்லண்ணே” என்றார். அதைவிடக் கமாண்டருக்கு வேறு தண்டனை தேவையில்லை என்பது மனைவிக்குத் தெரிந்தது. தெரிந்தும் அவளுக்கு ஆறவில்லை. “உங்களுக்குக் கைதட்டுனாங்களேண்ணே, காது குளிர்ந்துச்சா?” என்று கேட்டுவிட்டுத்தான் நகர்ந்தாள்.

தெருவுக்கு வந்து சேர வெகுநேரம் பிடித்தது. டாக்சி ஒன்றைக் கைகாட்டி நிறுத்தினாள். கதவைத் திறந்து, தோளைப் பிடித்து அவரைப் பின்சீட்டில் உட்காரவைத்தாள். பின்னால் வந்த வண்டிகள் ஹாரன் அடித்தன.

“சீக்கிரம்மா” என்றார் டிரைவர்.

“ஏங்க, கால உள்ள வைங்க, கதவச் சாத்தணும்.”

“வெச்சுட்டேன், சாத்து” என்றார் சமையல்காரர்.

அவள் குனிந்து பார்த்தாள். வலது கால் செருப்போடு தெருவிலேயே ஊன்றியிருந்தது.